பொய்ச்சாட்சியை மேடையேற்றியவனின் திறந்த மடல்

நம் வழிபாட்டு மன்றத்தின் பெரியவர்களுக்கும், அங்கே பிள்ளைகளை அழைத்துவரும் என்னைப் போன்ற பெற்றோருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு நடந்த இளைஞர் கூட்டத்தில் 40 பிள்ளைகளுக்கு முன்னால் நின்று நான் அரை மணி நேரம் பேசினேன். ‘நம்பிக்கையும் அறிவியலும்’ என்பது நீங்கள் கொடுத்த தலைப்பு. பேச்சை முடிக்கும் இடத்தில் சார்லஸ் டார்வினின் கதையைச் சொன்னேன். பரிணாமக் கொள்கையை உலகுக்குச் சொன்ன அந்த மனிதர் மரணப் படுக்கையில் தம் கொள்கைக்காக வருந்தினார், அதைக் கைவிட்டு இறைவனிடம் திரும்பினார் என்பது கதை. நல்ல கைதட்டல் கிடைத்தது. கைதட்டியவர்களில் என் மகன் இல்லை. அப்போது 16 வயது நடந்துகொண்டிருந்த அவன் பின்வரிசையில் உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தான். என் பேச்சுக்குக் குறிப்பு எடுக்கிறான் என்று நினைத்து உள்ளூர மகிழ்ந்தேன்.

இரண்டு நாள் கழித்து, இரவுச் சாப்பாடு முடிந்ததும், கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். அதில் மூன்று ஆண்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருந்தன: 1882, 1915, 1922. முதலாவது டார்வின் இறந்த ஆண்டு. இரண்டாவது, ஹோப் சீமாட்டி என்று அறியப்பட்ட சமய ஊழியர் ஒருவர், டார்வினை அவருடைய இறுதிக் காலத்தில் சந்தித்ததாகவும், அவர் தம் இளமைக் காலக் கருத்துகளை நினைத்து வருந்தியதாகவும் சொன்ன செய்தி பாஸ்டன் நகரத்துச் சமய இதழ் ஒன்றில் அச்சான ஆண்டு. அதற்குள் டார்வின் இறந்து 33 ஆண்டுகள் ஆகியிருந்தன. மூன்றாவது, டார்வினின் மகள் ஹென்ரியட்டா அதை எழுத்தில் மறுத்த ஆண்டு. தந்தையின் மரணப் படுக்கையருகே தாம் இருந்ததாகவும், அந்தச் சீமாட்டி அவருடைய கடைசி நோயின்போதோ வேறெந்த நோயின்போதோ அங்கு இருந்ததில்லை என்றும், தந்தை தம் அறிவியல் கருத்துகளில் ஒன்றைக்கூட அப்போதோ அதற்கு முன்போ திரும்பப் பெற்றதில்லை என்றும் அவர் எழுதினார். இத்தனைக்கும் சீமாட்டி சொன்ன கதையில் மரணப் படுக்கையே கிடையாது. இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு பிற்பகல் சந்திப்புதான் அது. படுக்கையைக் கொண்டுவந்து போட்டவர்கள் பின்னால் வந்த என்னைப் போன்ற பேச்சாளர்கள்.

“அப்பா, இதை நீங்கள் எங்கே படித்தீர்கள்?” என்று கேட்டான்.

எங்கும் படிக்கவில்லை. 20 ஆண்டுகளுக்கு முன்பு இதேபோன்ற ஒரு மேடையில் இன்னொருவர் சொல்லக் கேட்டது. அவரும் யாரோ சொல்லக் கேட்டிருப்பார். இந்த உண்மையை அன்று நான் அவனிடம் சொல்லியிருந்தால் இந்த மடலுக்குத் தேவை இருந்திராது. “எல்லாவற்றையும் இப்படிக் குடைந்துகொண்டிருந்தால் எதையுமே நம்ப முடியாது” என்று குரலை உயர்த்திச் சொன்னேன். அவன் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதன் பிறகு ஐந்து மாதம், நம்பிக்கையைப் பற்றி என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பையன் அடங்கிவிட்டான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நம் மன்றம் எந்தச் சமயத்தைச் சேர்ந்தது என்பதை இந்த மடலில் வேண்டுமென்றேதான் எழுதாமல் விடுகிறேன். ஊர் உலகத்தில் உள்ள எல்லாச் சமயத்தாரிடமும் இதே கதைகள் வேறு வேறு உடையில் உலவுகின்றன. தாழ்ந்த குரலில் நமக்குள் பேசிக்கொள்ளும் புலம்பலும் ஒன்றுதான்: பிள்ளை நம்பிக்கை இழந்துவிட்டான், பாடப் புத்தகம் கெடுத்துவிட்டது, கைபேசி கெடுத்துவிட்டது, சேர்க்கை சரியில்லை. என் வீட்டுக் கணக்கு அப்படி வரவில்லை. பரிணாமப் பாடத்தை அவன் அதற்கு முந்தைய ஆண்டே படித்துத் தேர்வும் எழுதி முடித்திருந்தான். அதற்குப் பிறகும் எங்களோடு வழிபாட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தான். அவன் விலகத் தொடங்கியது அந்தத் தாளுக்குப் பிறகு. அவன் நம்பிக்கையை அறிவியல் உடைத்துவிட்டது என்று நான் சொன்னால் அது என்னுடைய இரண்டாவது பொய்யாகும். நம்பிக்கையின் பக்கம் பேசுவதற்காக நான் கூண்டில் ஏற்றிய சாட்சி பொய்ச்சாட்சி என்று தெரிந்ததும், அவன் வழக்கையே சந்தேகிக்கத் தொடங்கினான். எந்த நீதிபதியும் அதைத்தான் செய்வார்.

டார்வின் உண்மையில் எழுதியது நமக்கு அவ்வளவு பகையானதும் இல்லை என்பது இதில் உள்ள வேடிக்கை. 1879-இல், அதாவது இறப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், ஜான் ஃபோர்டைஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில், ஒருவர் தீவிரமான இறை நம்பிக்கையாளராகவும் பரிணாமத்தை ஏற்பவராகவும் இருக்க முடியுமா என்று ஐயப்படுவதே அபத்தம் என்று அவர் குறிப்பிடுகிறார். தம் மனநிலை பலவாறு ஊசலாடுவது உண்டு என்றும், அந்த ஊசலின் எல்லையில்கூடக் கடவுளை மறுக்கும் நாத்திகராகத் தாம் இருந்ததில்லை என்றும், உண்டு இல்லை என்று அறிய முடியாது எனக் கருதுபவர் என்று தம்மைச் சொல்வதே பெரும்பாலும் பொருந்தும் என்றும் எழுதுகிறார். இந்தக் கடிதத்தை மேடையில் வாசித்திருந்தால் கைதட்டல் குறைந்திருக்கும். பின்வரிசையில் இருந்தவன் தலையை நிமிர்த்திப் பார்த்திருப்பான்.

ஐன்ஸ்டீன் கதை இதற்குத் தம்பி. வகுப்பறையில் ஒரு நாத்திகப் பேராசிரியர் கடவுளைப் பழிக்கிறார், ஒரு மாணவன் எழுந்து, இருள் என்பது ஒளியின் இன்மை, குளிர் என்பது வெப்பத்தின் இன்மை, அதுபோல் தீமை என்பது கடவுளின் இன்மை என்று மடக்குகிறான், அந்த மாணவன்தான் ஐன்ஸ்டீன் என்று கதை முடியும். நம் வாட்ஸ்அப் குழுவில் இதை ஆண்டுக்கு இரண்டு முறையாவது யாராவது அனுப்புகிறோம். அப்படி ஒரு நிகழ்ச்சிக்குச் சான்று எதுவும் கிடையாது. ஐன்ஸ்டீனே எழுதிவைத்திருப்பது வேறு. சமயத்தில் ஈடுபாடு இல்லாத பெற்றோருக்குப் பிறந்தும் சிறுவயதில் தாம் ஆழ்ந்த பக்தியோடு இருந்ததாகவும், எளிய அறிவியல் நூல்களைப் படித்ததால் 12 வயதில் அது சட்டென்று முடிவுக்கு வந்ததாகவும் அவர் தம் வரலாற்றுக் குறிப்பில் சொல்கிறார். 1929-இல் கேட்கப்பட்டபோது, உலகின் ஒழுங்கமைவில் தம்மை வெளிப்படுத்தும் தத்துவ அறிஞர் ஸ்பினோசாவின் கடவுளை நம்புவதாகவும், மனிதரின் விதியிலும் செயலிலும் தலையிடும் கடவுளை நம்பவில்லை என்றும் பதில் சொன்னார். 1954-இல் எரிக் குட்கிண்டு என்ற தத்துவ அறிஞருக்கு எழுதிய கடிதத்தில் கடவுள் என்ற சொல்லை மனித பலவீனங்களின் விளைவு என்றே எழுதிவிட்டார். நாம் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டிருக்கும் சாட்சி இப்படிப்பட்டவர். அவருடைய வீட்டிலும் பிள்ளை ஒரு பக்கம், பெற்றோர் மறுபக்கம் என்றுதான் சிறிது காலம் இருந்திருக்கிறது, திசை மட்டும் தலைகீழ் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அடுத்தது, ‘இதெல்லாம் நம் நூல்களில் முன்பே சொல்லப்பட்டுவிட்டது’ என்ற வாதம். இதை நானும் சொல்லியிருக்கிறேன், கேட்டுப் பெருமைப்பட்டும் இருக்கிறேன். இப்போது எனக்கு அதில் ஒரு சங்கடம் தெரிகிறது. கண்டுபிடிப்பு வெளியான மறுநாள் அந்த வரியில் அணுவும் அண்டமும் நமக்குத் தெரிகின்றன. முந்தின நாள் வரை அதே வரியை நாள் தவறாமல் ஓதியவர்கள் யாருக்கும் தெரியவில்லை. ஒரு கண்டுபிடிப்புக்கு முன்னதாக, நூலிலிருந்து எடுத்து, இன்ன அளவில் இன்னது கிடைக்கும் என்று யாராவது எழுதிவைத்திருந்தால் காட்டுங்கள் என்று பிள்ளை கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. அந்த வரியை நாம் மதிப்பதற்கு அறிவியலின் சான்றிதழ் எதற்காகத் தேவைப்படுகிறது என்ற இன்னொரு கேள்வியும் அதன் பின்னால் நிற்கிறது.

இந்த இடத்தில் ஒரு பாதிரியாரின் வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஐந்து மாத மௌனத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் பேச்சு மறுபடி தொடங்கியது இவரால்தான். பெல்ஜிய நாட்டைச் சேர்ந்த ஜார்ஜ் லமேத்ர் 1923-இல் கத்தோலிக்கக் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டவர், இயற்பியலும் கற்றவர். 1927-இல், ஐன்ஸ்டீனின் சமன்பாடுகளிலிருந்து தொடங்கி, அண்டம் விரிந்துகொண்டிருக்கிறது என்ற முடிவை வெளியிட்டார். கணக்கு சரி, இயற்பியல்தான் சகிக்கவில்லை என்று ஐன்ஸ்டீனே அவரிடம் சொன்னார். 1931-இல் அதை இன்னும் பின்னோக்கிக் கொண்டுபோய், எல்லாம் ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்று எழுதினார். பெருவெடிப்புக் கொள்கை என்று நாம் இன்று சொல்வதன் வித்து அது. 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ், அறிவியல் கழகத்தாருக்கு ஆற்றிய உரையில், அண்டத்துக்குத் தொடக்கம் உண்டு என்ற இந்த முடிவை இறைவனின் படைப்புச் செயலுக்குச் சான்றாகப் பேசினார். நம்மில் ஒருவர் கொள்கையை உலகத் தலைவர் ஒருவர் அப்படிப் பாராட்டியிருந்தால் மன்றத்து வாசலில் பெரிய பதாகையே வைத்திருப்போம். லமேத்ர் கலங்கினார். தம் கொள்கை ஓர் இயற்பியல் கருதுகோள், நாளை தவறாகவும் போகலாம், அதன்மேல் விசுவாசத்தைக் கட்டக் கூடாது என்பது அவர் நிலை. வத்திக்கான் வானாய்வகத்தின் இயக்குநரோடு சேர்ந்து அதை உரியவர்களுக்கு எடுத்துச் சொன்னார். மறு ஆண்டு வானியலாளர் மாநாட்டினருக்குப் போப் பேசியபோது அந்த ஒப்பீடு இடம்பெறவில்லை. 1958-இலும், இந்தக் கொள்கை மெய்யியல், சமயக் கேள்விகளுக்கு முழுவதும் வெளியே நிற்கிறது என்றே லமேத்ர் சொன்னார். பெருவெடிப்பின் எச்சமான நுண்ணலைக் கதிர்வீச்சு கண்டுபிடிக்கப்பட்ட செய்தி 1966-இல் அவர் இறப்பதற்குச் சற்று முன்னர் அவருக்கு எட்டியது. கொள்கை வென்றது. வென்ற பிறகும் அதை அவர் தம் கடவுளுக்குச் சாட்சியாக அழைக்கவில்லை.

இதை நான் முதன்முறை படித்த இரவு, மகனுடைய அறைக்குப் போய், “டார்வினைப் பற்றி நீ எழுதிக் காட்டியதுதான் சரி” என்றேன். “எனக்குத் தெரியும் அப்பா” என்றான், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு, “உங்களுக்கு எப்படித் தெரிந்தது?” என்று கேட்டான். ஐந்து மாதத்தில் முதல் கேள்வி.

‘அது வெறும் தியரிதானே’ என்பதைப் பற்றி நீண்ட விளக்கம் வேண்டாம். பேச்சு வழக்கில் தியரி என்றால் ஊகம். அறிவியலில் கோட்பாடு என்றால் பல காலம் பல வழிகளில் சோதித்து நிற்கிற விளக்கம். கிருமிகளால் நோய் வருகிறது என்பதும் அப்படியொரு கோட்பாடுதான், அதை நம்பித்தான் கையைக் கழுவுகிறோம். ஆனால் ‘அறிவியல் இன்று ஒன்று சொல்லும், நாளை மாற்றிச் சொல்லும்’ என்று நாம் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது, அதனால் அதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பிரான்சு நாட்டு வானியலாளர் லெவெரியே, யுரேனஸ் கோள் கணக்கிட்ட பாதையிலிருந்து விலகி நகர்வதைக் கொண்டு, அதற்கப்பால் இன்னொரு கோள் இருந்து அதை இழுக்க வேண்டும் என்று கணித்து, அது இருக்கும் இடத்தையும் குறித்து பெர்லினுக்குக் கடிதம் எழுதினார். கடிதம் கிடைத்த அன்றிரவே, 1846 செப்டம்பர் 23-இல், அவர் சொன்ன இடத்துக்கு ஒரு பாகைக்குள் நெப்டியூன் அகப்பட்டது. அதே மனிதர், அதே முறையில், புதன் கோளின் பாதையிலும் ஒரு சிறு விலகலைக் கண்டு, சூரியனுக்கு மிக அருகில் தெரியாத ஒரு கோளோ சிறு கோள்களின் கூட்டமோ இருக்க வேண்டும் என்று 1859-இல் சொன்னார். வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. தொலைநோக்கியில் பார்த்துவிட்டோம் என்று சொன்னவர்கள்கூட உண்டு. அப்படி ஒரு கோளே இல்லை. புதன் ஏன் அப்படி நகர்கிறது என்பதற்கு ஐன்ஸ்டீனின் பொதுச் சார்புக் கொள்கை 1915-இல் விடை தந்ததும் வல்கனை ஓசையின்றிக் கைவிட்டார்கள். இல்லாத கோளைப் பார்த்த கண்கள் அறிவியலிலும் இருந்திருக்கின்றன என்பதை என் மகனிடம் சற்று உற்சாகமாகவே சொன்னேன். அவன் தன் பழைய தாளை எடுத்து 1915 என்ற எண்ணின்மேல் விரலை வைத்தான். டார்வின் கதை அச்சான அதே ஆண்டு. 56 ஆண்டு தேடிய கோளை அவர்கள் விட்டுவிட்ட ஆண்டில் நாம் ஒரு கதையைப் பிடித்துக்கொண்டோம், இன்னும் விடவில்லை. அவன் வேறொன்றும் சொல்லவில்லை, சொல்லவேண்டியும் இருக்கவில்லை.

அவனும் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் பேசினான் என்று சொல்ல மாட்டேன். பூமிக்கு 454 கோடி வயது என்று அடித்துச் சொல்வான். “எப்படித் தெரியும்?” என்று அவனுடைய கேள்வியையே அவனிடம் திருப்பினேன். “புத்தகத்தில் இருக்கிறது” என்றான். சொல்லிவிட்டு அவனே சிரித்தான், ஏனென்றால் அது என் பதில். பிறகு இருவரும் சேர்ந்து படித்தோம். யுரேனியம் சிதைந்து ஈயமாகிறது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள், யுரேனியம்-235 பாதியாக ஏறத்தாழ 70 கோடி ஆண்டுகள். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரண்டு கடிகாரங்கள், இரண்டும் வெவ்வேறு வகை ஈயத்தை விட்டுச் செல்கின்றன. 1956-இல் அமெரிக்க விஞ்ஞானி கிளேர் பேட்டர்சன் விண்கற்களில் உள்ள ஈயத்தை அளந்து இந்த வயதுக்கு வந்தார். நம்மால் விண்கல்லை அரைத்து அளக்க முடியாது என்பதால் நாமும் ஒரு வகையில் நம்பத்தான் செய்கிறோம் என்றேன். “ஆனால் யார் வேண்டுமானாலும் அளந்து, இது தப்பு என்று காட்டலாம். காட்டினால் அவரைத் துரோகி என்று சொல்ல மாட்டார்கள்” என்றான். முன்பகுதி சரி, பின்பகுதி எப்போதும் அப்படி நடப்பதில்லை என்றாலும், அந்தச் சொல்லை அவன் எங்கே கேட்டான் என்று எனக்குத் தெரியும். நம் மன்றத்து வராந்தாவில் அவன் காதுபட நம்மில் ஒருவர் சொன்ன சொல் அது.

விஞ்ஞானிகளில் பக்தர்களும் இருந்தார்கள் என்று பட்டியல் போடும் வழக்கம் நமக்கு உண்டு. பட்டாணிச் செடிகளை வைத்து மரபியலின் அடிப்படையைக் கண்டு 1866-இல் வெளியிட்ட மெண்டல் ஒரு துறவி. உண்மை. ஆனால் 1979-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அப்துஸ் சலாம் ஆழ்ந்த இறை நம்பிக்கை உடையவர், ஸ்டீவன் வைன்பெர்க் வெளிப்படையான நாத்திகர். மின்காந்த விசையும், அணுக்கருவுக்குள் செயல்படும் மென்விசையும் ஒன்றின் இரு முகங்கள் என்ற ஒரே கொள்கைக்கு, ஒருவர் 1967-இலும் மற்றவர் 1968-இலும் தனித்தனியாக வந்து சேர்ந்தார்கள். கடவுளை வணங்கியவரின் சமன்பாட்டில் ஓர் உறுப்பு கூடவும் இல்லை, வணங்காதவரின் சமன்பாட்டில் குறையவும் இல்லை. பட்டியலால் நமக்குக் கிடைப்பது, இரண்டும் ஒரே தலைக்குள் இருக்க முடியும் என்ற ஆறுதல் மட்டுமே. கடவுள் உண்டு என்பதற்கு அது சான்றாகாது. பிள்ளைகளுக்கு இது தெரிகிறது.

பிரார்த்தனையைப் பற்றியும் எழுதியாக வேண்டும், நமக்கு மிகவும் வலிக்கும் இடம் அது. 2006-இல் அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு வெளியானது. இதய மாற்றுவழி (பைபாஸ்) அறுவைச் சிகிச்சைக்கு வந்த 1,802 நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். தமக்காகப் பிரார்த்தனை நடக்கிறதா இல்லையா என்று தெரியாதவர்களில், பிரார்த்தனை பெற்றவர்களுக்கு 52 சதவீதமும் பெறாதவர்களுக்கு 51 சதவீதமும் சிக்கல்கள் ஏற்பட்டன. தமக்காகப் பிரார்த்திக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்த குழுவில் அது 59 சதவீதம். என் மகன் இதைக் காட்டியபோது, பிரார்த்தனை மருந்து போன்றதன்று, அளவுகோலில் அகப்படாது என்று சொன்னேன். இன்றும் அதைத்தான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பதில் என் வாயிலிருந்து வரும்போது அது சுத்தமான பதில் இல்லை. இத்தனை ஆண்டுகளாகப் பலித்த பிரார்த்தனைகளை மட்டும் எண்ணி மேடையில் சாட்சி சொல்லவைத்தவர்கள் நாம். அளவுகோலை முதலில் எடுத்தது நாம். அது எதிராகக் காட்டியவுடன், அளக்கக் கூடாது என்கிறோம். இனிமேல் அளக்காமல் இருப்போம் என்றால் பலித்ததையும் எண்ணாமல் இருக்க வேண்டும். இதற்கு நம் மன்றம் தயாரா என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குள் என்ன செய்வது என்று கேட்டு எனக்குச் சில பெற்றோர் எழுதியிருந்தார்கள். வழிபாட்டுக்கு வராதவனுக்குக் கைபேசி கிடையாது, கல்லூரிச் செலவு கிடையாது என்று சொல்லிவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். அவரிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: அதன் பிறகு அவன் வந்து உட்கார்ந்து வாயசைக்கும்போது, அதை இறைவன் என்னவென்று எடுத்துக்கொள்வார் என்று நினைக்கிறீர்கள்? ஐக்கிய நாடுகளின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை தன் 14-ஆவது பிரிவில் சிந்தனை, மனச்சான்று, சமயம் ஆகியவற்றில் குழந்தைக்குச் சுதந்திரம் உண்டு என்கிறது. பெற்றோர் வழிகாட்டும் உரிமையையும் அதே பிரிவு ஏற்கிறது, குழந்தையின் வளரும் திறனுக்கு ஏற்ற வகையில் என்ற ஒரு சொற்றொடரோடு. 6 வயதுப் பிள்ளையைக் கைபிடித்து அழைத்துப்போவதும் 16 வயதுப் பையனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதும் ஒன்றாகாது. குடும்ப நிகழ்ச்சிகளில் எங்களோடு மரியாதையாக வந்து நில், உனக்கு நம்பிக்கை இல்லாத சொற்களைச் சொல்லவேண்டியதில்லை என்று என் வீட்டில் ஏற்பாடு. அவனும் ஓர் உறுதி தந்தான், தன் தாய் வணங்கும்போது கேலி செய்வதில்லை என்று. இருமுறை மீறினான். ஒருமுறை நான் மீறினேன்.

டார்வின் வீட்டிலும் இந்த இழுபறி இருந்தது. மனைவி எம்மா பக்தியுள்ளவர். மணமான புதிதில், 1839-இல், கணவருக்கு ஒரு கடிதம் எழுதினார். நிரூபிக்கப்படும்வரை எதையும் நம்பாத அறிவியல் பழக்கம், அதே வழியில் நிரூபிக்க முடியாத விஷயங்களிலும் அவர் மனத்தைப் பாதித்துவிடுமோ என்ற அச்சமும், இருவரும் என்றென்றைக்கும் ஒருவருக்கொருவர் உரியவர்களாக இல்லாமல் போவோமோ என்ற துயரமும் அதில் இருந்தன. கணவரை அவர் மிரட்டவில்லை, கணவர் அவரை ஏளனம் செய்யவுமில்லை. கடிதத்தின் அடியில் டார்வின் எழுதிவைத்தார்: நான் இறந்த பிறகு தெரிந்துகொள், பலமுறை இதை முத்தமிட்டு அழுதிருக்கிறேன். 43 ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தார்கள், கருத்து வேறுபாடு தீராமலே. பொய்யான மரணப் படுக்கையைப் பற்றிப் பேசிய என் அரை மணி நேரத்தில், உண்மையான இந்தக் கடிதத்துக்கு இடமில்லாமல் போனது.

மன்றத்துப் பெரியவர்களே, என் வேண்டுகோள் இதுதான். வரும் இளைஞர் கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். சென்ற ஆண்டு அதே பிள்ளைகளிடம் சொன்னது உண்மையில்லை என்று, சொன்ன இடத்திலேயே நின்று சொல்ல வேண்டும். பேச்சாளர்கள் கூறும் வரலாற்றுச் செய்திகளுக்கு, எங்கே படித்தது என்று கேட்க எந்தப் பிள்ளைக்கும் உரிமை உண்டு என்று அறிவியுங்கள். கேட்பவனை வராந்தாவில் துரோகி என்று சொன்னவர், அவர் யாராக இருந்தாலும், இனிமேல் சொல்லாதிருக்கட்டும். பெற்றோர்களுக்கு நான் சொல்ல வேறு எதுவும் இல்லை, ‘எனக்குத் தெரியாது’ என்று பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள் என்பதைத் தவிர. முதல்முறை நாக்கு புரளாது.

என் மகனுக்கு இப்போது 17 வயது. நம்பிக்கை திரும்பவில்லை. நான் நம்பிக்கையை விடவுமில்லை. இந்த மடலின் முதல் படியை அவனிடம் கொடுத்தேன். தேதிகளைச் சரிபார்த்துவிட்டு மூன்று இடங்களில் கோடு போட்டுத் திருப்பித் தந்தான். இரண்டை மாற்றிவிட்டேன். மூன்றாவதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அன்புடன்,
பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பையனின் தந்தை